வலிக்கவில்லை, ஆனால் ரத்தம் வருகிறது

கேள்வி: எனக்கு வயது 57. கீழ்த் தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்துவிட்டு, நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடத்தில் இம்பிளான்ட் (எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல்) வைத்துக்கொண்டேன். “இனி ஆயுள் முழுக்கக் கவலை வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு நாளும் வலித்ததில்லை, நன்றாகவே மெல்ல முடிகிறது. அதனால் மருத்துவரிடம் திரும்பப் போகவில்லை. ஆறு மாதமாக அங்கே பிரஷ் பட்டால் ரத்தம் வருகிறது. பயந்துபோய் அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன். முன்பு இல்லாத இன்னொரு தொல்லை: இம்பிளான்டுக்கும் அதற்கு முன்னால் இருக்கும் பல்லுக்கும் நடுவே உணவு சிக்கிக்கொள்கிறது. குண்டூசியால் எடுத்துவிடுகிறேன். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. உள்ளே இருக்கும் உலோகம் துருப்பிடித்திருக்குமோ? இந்தப் பல்லை இழந்துவிடுவேனா? முழங்கால் வலிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இம்பிளான்டோடு அதை எடுக்கலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவன் ‘குண்டூசி’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அதை இன்றோடு விட்டுவிடுங்கள். கூர்மையான உலோகம் நாள்தோறும் அந்த இடுக்கில் இறங்கினால் ஈறு கிழியும். ஈற்றுக்குள் மறைந்திருக்கும் இம்பிளான்டின் டைட்டானியத் திருகிலும் கீறல் விழும். கீறல் விழுந்த பரப்பில் கிருமிகள் இன்னும் வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது, பிரஷ். புண்ணைத் தொடாதே என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவது இயல்பாக வரக்கூடியதுதான். ஆனால் ஈற்றில் ரத்தம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் அங்கே படிந்திருக்கும் கிருமிப் படலம். அதை எடுக்காமல் விட்டால் ஈறு மேலும் வீங்கும், மேலும் ரத்தம் வரும், உங்கள் பயமும் கூடும். இன்று இரவிலிருந்தே மென்மையான பிரஷ்ஷை அங்கேயும் கொண்டுபோங்கள். முதல் சில நாட்கள் ரத்தம் வரத்தான் செய்யும். நிறுத்த வேண்டாம்.

இந்த இரண்டையும் செய்வதால் மருத்துவரிடம் போகும் வேலை மிச்சமாகாது. ஆறு மாதமாக ரத்தம் என்றால் வாய்க்குள் பார்த்தே ஆக வேண்டும். ஓரிரு வாரத்துக்குள் போய்விடுங்கள்.

இனி, ‘வலியே இல்லையே’ என்பதற்கு வருகிறேன். இம்பிளான்ட் வைத்துக்கொண்ட பாதிப்பேர் என்னிடம் சொல்வது இதைத்தான்.

இயற்கையான பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் ஒரு தசைநார்ப் படுகை இருக்கிறது. அதில் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் நிறைய. ஒரு மணல் துகளைக் கடித்தால்கூடச் சட்டென்று தெரிவது அதனால்தான். இம்பிளான்டுக்கு அந்தப் படுகையே கிடையாது. எலும்பு டைட்டானியத்தோடு நேரடியாகப் பிணைந்து நிற்கிறது. அதுதான் அதன் பலம். ஆனால் அந்தப் படுகையோடு அதிலிருந்த நரம்புகளும் போய்விட்டன. இயற்கையான பல்லைப் போல இது கூசாது, முணங்காது. அடியில் எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் மேலே நீங்கள் நிம்மதியாக மென்றுகொண்டிருப்பீர்கள்.

ஈறு ஒட்டியிருக்கும் விதமும் வேறு. இயற்கைப் பல்லில் ஈற்றின் இழைகள் வேருக்குள்ளேயே செங்குத்தாகப் புதைந்து அதை இறுகப் பிடித்திருக்கும். இம்பிளான்டில் அந்த இழைகள் எதற்குள்ளும் நுழைவதில்லை. சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி நிற்பதுபோல் சும்மா சுற்றி நிற்கின்றன. ரத்த ஓட்டமும் அங்கே குறைவு. எனவே கிருமிகள் உள்ளே இறங்கினால் தடுப்பதற்கு ஆள் குறைவு. பல்லைச் சுற்றி மெதுவாகப் பரவும் அழற்சி, இம்பிளான்டைச் சுற்றி வேகமாக எலும்பை எட்டிவிடுகிறது.

வலி இல்லாத இடத்தில் ரத்தம்தான் முதல் தகவல். உங்களுக்கு அது கிடைத்திருக்கிறது. ஆறு மாதம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

சில காலம் முன்பு ஒருவர் வந்தார். இம்பிளான்ட் வைத்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பக்கத்துப் பல்லில் சொத்தை, அதைக் காட்ட வந்திருந்தார். இம்பிளான்ட் மேலிருந்த பீங்கான் கிரவுன், அதாவது வெளியே தெரியும் பல் வடிவ மூடி, பளபளவென்று இருந்தது. அதைச் சுற்றியுள்ள ஈற்றை விரல் நுனியால் மெல்ல அழுத்தினேன். கிரவுனின் ஓரத்தில் கடுகளவு சீழ் எட்டிப் பார்த்தது. கண்ணாடியில் காட்டியபோது அவர் நம்பவில்லை. எக்ஸ்-ரேயில் திருகைச் சுற்றி எலும்பு கிண்ணம்போலக் குழிந்திருந்தது. ஈற்றை விலக்கிச் சுத்தம் செய்தபோது, பழைய சிமென்ட் துணுக்கு ஒன்று கிரவுனுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. கிரவுனை ஒட்டிய நாளில் பிதுங்கி வெளியே வந்தது, துடைக்கப்படாமல் ஆறு ஆண்டுகள் அங்கேயே இருந்திருக்கிறது. அதனால், உங்கள் கிரவுன் திருகால் முடுக்கப்பட்டதா, சிமென்டால் ஒட்டப்பட்டதா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒட்டப்பட்டது என்றால் இந்தக் கோணத்திலும் அவர் பார்ப்பார்.

உங்களுக்கு நேர்ந்திருப்பது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். அழற்சி ஈற்றோடு நின்றிருந்தால் அதற்குப் பெரி-இம்பிளான்ட் மியூகோசைட்டிஸ் என்று பெயர். சிவப்பு, வீக்கம், தொட்டால் ரத்தம் இருக்கும், எலும்பு அப்படியே இருக்கும். இது முழுமையாகச் சரியாகக்கூடியது. படலத்தையும் அது இறுகிப்போன காரையையும் அகற்றி, வீட்டிலும் ஒழுங்காகச் சுத்தம் செய்தால் ஈறு பழைய நிலைக்கு வந்துவிடும். மூன்று வாரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால் ‘பத்து நாளாகத் துலக்குகிறேன், இன்னும் ரத்தம் நிற்கவில்லையே’ என்று கைவிட்டுவிடாதீர்கள். எலும்பும் கரையத் தொடங்கியிருந்தால் அது பெரி-இம்பிளான்டைட்டிஸ். கரைந்த எலும்பை முழுவதுமாக மீட்டுத் தர எங்களால் எப்போதும் முடிவதில்லை. மேலும் கரையாமல் நிறுத்துவதுதான் அப்போது முதல் வேலை. ஈற்றைத் திறந்து திருகைச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மிகவும் முற்றிய நிலையில் இம்பிளான்டையே எடுக்க வேண்டிவரும். கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். படலம் அப்படியே இருக்க, மாத்திரை மட்டும் இதைத் தீர்ப்பதில்லை.

எது உங்களுடையது என்பதைக் கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது. மருத்துவர் நுனி மழுங்கிய மெல்லிய அளவுகோல் ஒன்றை ஈற்றுக்கும் இம்பிளான்டுக்கும் நடுவே இறக்கி ஆழம் பார்ப்பார். ஏறத்தாழ 25 கிராம் எடை தரும் அழுத்தம் போதும், மிக மென்மையாகத்தான் செய்வார். பிறகு எக்ஸ்-ரே. இங்கேதான் உங்கள் பழைய படம் தேவைப்படுகிறது. கிரவுன் மாட்டிய நாளில் எடுத்த எக்ஸ்-ரேயைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். முதல் ஓராண்டில் திருகின் கழுத்தருகே எலும்பு கொஞ்சம் இறங்கி அமைவது வழக்கம், அது நோய் அல்ல. அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால்தான் கவலை. பழைய படம் இருந்தால் ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். இல்லாவிட்டால், ரத்தமோ சீழோ வருகிறதா, ஆழம் 6 மில்லிமீட்டரைத் தொடுகிறதா, எலும்பு 3 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வோம். ஈறு, இம்பிளான்ட் நோய்களுக்கான 2017ஆம் ஆண்டின் உலகளாவிய வகைப்பாடு தரும் அளவுகள் இவை.

அங்கே போகும்போது இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள்: உங்கள் இம்பிளான்டின் நிறுவனம், வகை, விட்டம், நீளம் எழுதிய அட்டை. பத்து ஆண்டு கழித்து உள்ளேயுள்ள சிறு திருகு தளர்ந்தால், அதற்குப் பொருந்தும் திருப்புளி எது என்று தெரியாமல் வேறொரு மருத்துவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். நானே நின்றிருக்கிறேன்.

உணவு சிக்குவதற்கு வருவோம். இதற்கு உங்கள் கவனக்குறைவு காரணம் இல்லை. இயற்கைப் பற்கள் வாழ்நாள் முழுவதும் மிக மெதுவாக முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கின்றன. இம்பிளான்ட் எலும்போடு பிணைந்துவிட்டதால் வைத்த இடத்திலேயே நிற்கிறது. முன்னால் இருக்கும் பல் நகர்ந்துபோக, இது பின்தங்கிவிடுகிறது. கிரவுன் மாட்டிய நாளில் நூல் நுழையச் சிரமப்பட்ட இடத்தில், சில ஆண்டுகளில் ஒரு சந்து விழுந்துவிடும். பலருக்கும் இப்படி நேர்கிறது. ஆனால் கிரவுன் மாட்டும்போது யாரும் இதைச் சொல்லி அனுப்புவதில்லை.

அந்த இடைவெளியை அப்படியே விட்டால் இரண்டு கேடு. ஈறு அழுத்தப்பட்டு அழற்சி கூடும். அதைவிட மோசம், முன்னால் இருக்கும் உங்கள் சொந்தப் பல்லின் பின்பக்கச் சுவர் சொத்தையாகலாம். இம்பிளான்டுக்குச் சொத்தை வராது, பக்கத்துப் பல்லுக்கு வரும். துலக்கி இதைத் தீர்க்க முடியாது, இடைவெளியை மூடத்தான் வேண்டும். திருகால் முடுக்கிய கிரவுன் என்றால் கழற்றி, அந்தப் பக்கத்தில் பொருளைச் சேர்த்து மறுபடி மாட்டிவிடலாம். முன்னால் இருக்கும் பல்லில் ஏற்கெனவே சொத்தை அடைத்திருந்தால் அதைப் புதுப்பிக்கும்போது சற்றுப் புடைப்பாக அமைத்தும் மூடலாம். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பார்த்தவர் சொல்வார்.

அதுவரை குண்டூசிக்குப் பதில் என்ன? பல் இடுக்குப் பிரஷ். மருந்துக் கடைகளில் பல அளவுகளில் கிடைக்கும். நடுக்கம்பி வெறும் உலோகமாக இல்லாமல் பிளாஸ்டிக் பூச்சுடன் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏன் இது என்பதற்கு உங்கள் இம்பிளான்டின் வடிவத்தைச் சற்று மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். கடைவாய்ப்பல் கிரவுன் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அகலம். அதைத் தாங்கும் திருகோ 4 அல்லது 5 மில்லிமீட்டர்தான். காளான்போல மேலே குடை, கீழே மெல்லிய தண்டு. சாதாரண பிரஷ் குடையைத்தான் துலக்குகிறது. படலம் குடைக்குக் கீழே, தண்டு ஈற்றுக்குள் இறங்கும் இடத்தில் ஒளிந்துகொள்கிறது.

கண்ணாடி முன் நின்று, வாயை முழுக்கத் திறக்காமல் பாதி மூடியபடி கன்னத்தை விரலால் விலக்குங்கள். அகலத் திறந்தால் கன்னத் தசை இறுகி இடம் தராது. இடுக்குப் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனையுங்கள், பேஸ்ட் வேண்டாம். முன்னால் இருக்கும் பல்லுக்கும் இம்பிளான்டுக்கும் நடுவே ஈற்றை ஒட்டிக் கிடைமட்டமாக நுழைத்து, நான்கைந்து முறை முன்னும் பின்னுமாக இழுங்கள். பிறகு இம்பிளான்டின் பின்பக்க இடுக்கிலும் அதேபோல. சற்று உரசிக்கொண்டு போக வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் அளவு சிறியது, வளைந்து மடங்கினால் பெரியது. உங்கள் முன்பக்கச் சந்துக்கு ஓர் அளவும் பின்பக்கத்துக்கு வேறொரு அளவும் தேவைப்படலாம். வெளியே எடுத்ததும் உடனே கழுவிவிடாமல் ஒரு கணம் பாருங்கள். இளம் மஞ்சளாக ஏதாவது ஒட்டியிருந்தால் அதுதான் நான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் படலம். சிவப்பாக இருந்தால் எந்தப் பக்கம் சிவந்தது என்று நினைவில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். தூவிகள் கலைந்ததும் பிரஷ்ஷை மாற்றிவிடுங்கள்.

அப்புறம், கீழ்க் கடைவாய்ப்பல்லில் எல்லோரும் மறக்கும் இடம் நாக்குப் பக்கம். கன்னப் பக்கம் பளிச்சென்று இருக்கும், நாக்குப் பக்கத்தில் காரை மேடு கட்டியிருக்கும். பிரஷ்ஷை ஈற்றின் விளிம்பை நோக்கிச் சாய்த்துப் பிடித்து, தேய்க்காமல் சிறு அசைவுகளாகத் துலக்குங்கள். உள்பக்கத்துக்குச் சிறிய தலை கொண்ட பிரஷ் இருந்தால் எளிது. பேஸ்ட் எதுவானாலும் சரி, பல்லை வெளுப்பாக்கும் என்று விற்கப்படும் சொரசொரப்பானவற்றைத் தவிருங்கள்.

பல் இடுக்கில் நீரைப் பீய்ச்சும் வாட்டர் ஃபிளாசர் வாங்கலாம். இம்பிளான்டுக்கு நல்ல துணைதான், இடுக்குப் பிரஷ்ஷுக்கு மாற்று இல்லை. குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, நீரை ஈற்றுக்குக் குறுக்காகப் பாய்ச்சுங்கள், ஈற்றுக்குள் நேராக இறக்காதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூலைப் பற்றி ஓர் எச்சரிக்கை: ஈறு இறங்கித் திருகின் சொரசொரப்பான பகுதி வெளியே வந்திருந்தால் நூல் அதில் பிய்ந்து இழையாகத் தங்கிவிடலாம். அந்த இழையே அழற்சியைக் கிளப்பும். உங்களுக்கு என்ன நிலை என்று தெரியும் வரை நூல் வேண்டாம். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த வாய் கொப்பளிப்பு நீரை மருத்துவர் சொன்னால் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மாதக்கணக்கில் கொப்பளித்தால் பற்களில் கறை படியும், நாக்கில் ருசி மாறும்.

சர்க்கரை நோய் இருப்பதால் இம்பிளான்ட் தோற்றுப்போகும் என்று பொருளில்லை. கட்டுப்பாட்டில் இருக்கும்வரை அது பெரிய தடையாக இருப்பதில்லை. கட்டுப்பாடு தவறினால் ஈறு அழற்சி ஆறாது. ஈறு அழற்சி நீடித்தால் சர்க்கரையையும் ஏற்றிவிடும். ஹெச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்று பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பலருக்கும் 7 சதவீதத்துக்குக் கீழே என்பதுதான் இலக்கு, உங்களுக்கானதைச் சர்க்கரை மருத்துவர் சொல்லியிருப்பார். முதலில் அந்தப் பல்லை எதற்காக எடுத்தார்கள் என்பதையும் நீங்கள் எழுதவில்லை. சொத்தையால் என்றால் ஒரு கதை. ஈறு நோயால் ஆடி விழுந்தது என்றால் உங்களுக்கு ஆபத்து கூடுதல். பல்லைத் தின்ற அதே கிருமிகள் மற்றப் பற்களைச் சுற்றி இன்னும் இருக்கக்கூடும். புகைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அது உங்கள் பழக்கமில்லை என்று நினைக்கிறேன், ஆனால் இதைப் படிக்கும் வேறு சிலருக்காக எழுதி வைக்கிறேன்.

இம்பிளான்ட் எப்போதாவது ஆடுவதுபோல் தெரிந்தால், பெரும்பாலும் தளர்ந்திருப்பது கிரவுனைப் பிடித்திருக்கும் சிறு திருகுதான். மறுபடி முடுக்கினால் முடிந்தது. ‘அடுத்த மாதம் போகலாம்’ என்று அதிலேயே மென்றுகொண்டிருந்தால் திருகு உள்ளேயே முறிந்துவிடும், முறிந்ததை எடுப்பது எனக்கும் உங்களுக்கும் பெரும்பாடு. எலும்பில் இருக்கும் திருகே ஆடினால் அது கதை முடிந்ததற்கு அடையாளம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இரவில் அணியும் காப்பு செய்து தருவார்கள்.

ஆயுள் முழுக்க என்று சொன்னது பொய்யா? பொய் என்று சொல்ல மாட்டேன். டைட்டானியம் எலும்போடு பிணையும் என்பதை 1950களில் சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் முயல்களின் எலும்பை ஆராய்ந்துகொண்டிருந்தபோது கண்டார். உள்ளே வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியவில்லை, எலும்பு விடவில்லை. 1965இல் அவர் முதன்முதலாக ஒருவருக்கு வைத்த இம்பிளான்டுகள், அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை உழைத்தன. ஏறத்தாழ 40 ஆண்டுகள். ஆகவே முடியாதது அல்ல. ஆனால் ‘கவலை வேண்டாம்’ என்று சொல்லி அனுப்பியவர், ‘மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள்’ என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அப்படிப் போகும்போது ஈற்றின் ஆழம் பார்ப்பது, காரையை எடுப்பது, தேவைக்கேற்ப எக்ஸ்-ரே எடுப்பது எல்லாம் நடக்கும். இம்பிளான்டைச் சுத்தம் செய்ய டைட்டானியம் அல்லது பிளாஸ்டிக் முனைகொண்ட கருவிகளும், மென்மையான பொடியைக் காற்றோடு பீய்ச்சும் கருவியும் இருக்கின்றன. இயற்கைப் பல்லுக்கான எஃகுக் கருவியை வைத்துச் சுரண்டினால் குண்டூசி செய்ததையே அதுவும் செய்யும். எதை வைத்துச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

துருவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். துரு என்பது இரும்பில் பிடிப்பது. டைட்டானியத்தின் மேல் காற்று பட்ட கணத்திலேயே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கிறது, எலும்பு ஒட்டுவதும் அந்தப் படலத்தின் மேல்தான். உங்கள் ரத்தத்துக்கும் துருவுக்கும் தொடர்பில்லை.

எம்.ஆர்.ஐ. தாராளமாக எடுக்கலாம். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. தலையையோ தாடையையோ படமெடுத்தால் அந்த இடம் சற்று மங்கலாகத் தெரியலாம். கழற்றி மாட்டும் பல்செட்டைக் காந்தத்தால் பிடித்து வைத்திருப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும். உங்களுடையது ஒற்றை நிலைப்பல் என்பதால் அந்தப் பேச்சே இல்லை. ஸ்கேன் அறையில் தரும் படிவத்தில் இம்பிளான்ட் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். முழங்காலைப் படமெடுக்கும்போது அது குறுக்கே வரப்போவதில்லை.